மலேரியா மருந்து தயாரிக்கும் ஈஸ்ட்

மலேரியாவுக்கு இன்று முதலில் கொடுக்கப்படும் கூட்டு மருந்துகளுக்கெல்லாம் மூலம் ஆர்டிமிசினின். ஆர்டிமிசியா ஆனுவா என்ற செடியின் இலையிலிருந்து சீனாவின் து யூயூ குழு 1972-இல் இதைப் பிரித்தெடுத்தது. மருந்து சரி, வரத்துதான் தொல்லை. தட்டுப்பாடு வந்தால் விலை எகிறும்; உடனே எல்லோரும் அதையே பயிரிட, அடுத்து விலை படுத்துவிடும்.

ஈஸ்ட்டிடம் இந்த வேலையைக் கொடுக்கக் கிளம்பியவர் அமெரிக்காவின் பெர்க்லியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் ஜே கீஸ்லிங். சர்க்கரையிலிருந்து ஃபார்னெசில் பைரோபாஸ்பேட் என்ற 15 கார்பன் மூலக்கூறை ஈஸ்ட் தன் தேவைக்கே செய்துகொள்கிறது. செடியும் ஆர்டிமிசினினை அதிலிருந்துதான் தொடங்குகிறது. ஆக, மீதிப் படிகளுக்கான நொதிகளின் மரபணுக்களைச் செடியிலிருந்து எடுத்து ஈஸ்ட்டுக்குள் வைத்தால் போதும்.

போதவில்லை. ஈஸ்ட் அந்த மூலக்கூறில் பெரும்பங்கை எர்கோஸ்டெராலாக்கித் தன் செல் சவ்வுக்கே வைத்துக்கொள்ளும். அந்த மடையை முழுக்க அடைத்தால் செல் செத்துவிடும். பாதி அடைக்க வேண்டும். வளர்ப்புக் கரைசலில் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், சேர்த்தால் மட்டும் அடங்கும்படி, அந்த மடைக்கான மரபணுவின் விசையையே மாற்றினார்கள். எனக்கு இந்த ஆராய்ச்சியில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அப்புறம் இன்னொரு சிக்கல்: நடுவில் உருவாகும் ஆல்டிஹைடு செல்லுக்கு நஞ்சு. அது தேங்காமல் அடுத்த படிக்கு ஓட, செடியிலிருந்தே மேலும் சில நொதிகளைக் கொண்டுவந்தார்கள்.

2006-இல் ஒரு லிட்டருக்குச் சுமார் 100 மில்லிகிராம் ஆர்டிமிசினிக் அமிலம், அதாவது ஆர்டிமிசினினுக்கு முந்தைய நிலை, கிடைத்தது. 2013-இல் 25 கிராம். கரைசலின் மேல் எண்ணெய் போன்ற ஒரு திரவத்தை மிதக்கவிட்டால், செல் வெளியே தள்ளும் அமிலம் அதில் கரைந்து சேரும். கடைசிப் படி மட்டும் ஈஸ்ட்டுக்கு வெளியே, ஒளியும் ஆக்சிஜனும் கொண்டு நடக்கும் வேதிவினை.

அதே ஆண்டு சனோஃபி நிறுவனம் இத்தாலியில் உற்பத்தியைத் தொடங்கியது. ஆனால் அதற்குள் செடிவழி ஆர்டிமிசினின் மலிந்துவிட்டது. ஈஸ்ட் சரக்கு அந்த விலைக்குக் கட்டவில்லை.

எளிதாக விளையும் செடியோடு போட்டி போடுவதைவிட, இலையில் துளியளவே கிடைக்கும் பொருள்களைத் தேடிப் போவதுதான் ஈஸ்ட்டுக்குப் பொருத்தம். 2022-இல் கீஸ்லிங் குழு அப்படித்தான் நித்தியகல்யாணிக்குப் போனது. புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினின் இரண்டு பாதிகளையும் ஈஸ்ட்டைச் செய்யவைக்க, அதன் மரபணுத் தொகுதியில் 56 மாற்றங்கள் தேவைப்பட்டன. அப்போது விளைச்சல் லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில்தான் இருந்தது.