வேவர் வயர்: விடுவிப்பும் கண்டெடுப்பும்

அக்டோபர் கடைசியில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் பருவம் தொடங்கும். இரண்டு வாரம் போவதற்குள் ஃபேன்டசி கூடைப்பந்து ஆடுகிறவர்களின் பேச்செல்லாம் ஒரே சொல்லைச் சுற்றத் தொடங்கிவிடும்: வேவர் வயர். ‘வேவர் வயரில் யார் இருக்கிறார்?’, ‘வேவர் வயரிலிருந்து யாரை எடுத்தாய்?’ என்றுதான் நண்பர்கள் காலை வணக்கமே சொல்லிக்கொள்வார்கள்.

என் அக்கா மகன் போன பருவத்தில்தான் இந்த ஆட்டத்துக்குள் வந்தான். முதல் வாரத்திலேயே கேட்டுவிட்டான்: “மாமா, வேவர் என்றால் தள்ளுபடிதானே? கடன் தள்ளுபடிக்கு அந்தச் சொல்லைத்தானே போடுகிறார்கள்? அப்படியானால் இவர்களெல்லாம் தள்ளுபடி ஆட்டக்காரர்களா?” அவன் கேட்டதில் பிழையில்லை, அகராதி அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லை அந்த இடத்தில் கேட்டதும் எனக்கு மனம் பொறுக்கவில்லை. மனு தள்ளுபடி, கடன் தள்ளுபடி, ஆடித் தள்ளுபடி என்று நாம் எங்கே சொன்னாலும் ஏதோ ஒன்று மதிப்பிழக்கிறது, அல்லது கணக்கிலிருந்தே போய்விடுகிறது. வேவர் வயரில் இருக்கும் ஆட்டக்காரர் அப்படிப் போனவர் அல்லர். பல பருவங்களில் கோப்பையை வென்று கொடுப்பவரே அவர்தான்.

ஆட்டம் அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்து, பன்னிரண்டு நண்பர்கள் ஒரு லீக் அமைக்கிறார்கள். பருவம் தொடங்குமுன் உண்மையான என்பிஏ வீரர்களை முறை வைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த வீரர் களத்தில் எடுக்கும் புள்ளி, ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்கப் பந்து கொடுப்பது) எல்லாம் அவரைத் தேர்ந்தெடுத்தவரின் கணக்கில் சேரும். கிரிக்கெட் செயலிகளில் ஒரே மட்டையாளரை இலட்சம் பேர் தேர்ந்தெடுக்கலாம். இங்கே அது நடக்காது. ஒரு லீக்கில் ஒரு வீரர் ஒருவருக்கே சொந்தம். பன்னிரண்டு அணி, அணிக்கு 13 பேர் என்றால் 156 பேருக்கு இடம் கிடைத்துவிடும். என்பிஏவில் 30 அணிகள், அணிக்கு 15 பேர் என்றால் 450 பேர். மிச்சம் இருக்கும் ஏறத்தாழ 300 பேர் யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்குத்தான் பேச்சுவழக்கில் வேவர் வயர் என்று பெயர். குறைத்து மதிப்பிடப்பட்டவர்கள் ஒளிந்திருக்கும் இடமும் அதுதான்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘வேவர்’ என்பதன் கடைசியில் வரும் ‘அர்’ ஒலியைக் கேட்டதும் அது ஓர் ஆளைக் குறிக்கிறது என்று தோன்றும். அப்படியில்லை. நார்மானியர் ஆட்சிக்குப் பின் இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் புழங்கிய பிரெஞ்சில் ‘வெய்வெர்’ என்றொரு வினை இருந்தது. கைவிடுதல், உரிமையை விட்டுவிடுதல் என்று பொருள். அந்த வினை வடிவமே அப்படியே பெயராகி நின்றுவிட்டது. நம் இலக்கணத்தில் சொன்னால் அது தொழிற்பெயர்: ‘விடுதல்’. ஒப்பந்தப்புள்ளியைக் குறிக்கும் ‘டெண்டர்’ என்ற சொல்லும் பிரெஞ்சு வினையாக இருந்து இதே வழியில் பெயரானதுதான்.

அதே வேரிலிருந்து வந்த இன்னொரு சொல் ‘வெய்ஃப்’. இன்று அது ஆதரவற்ற குழந்தையைக் குறிக்கிறது. ஆதியில் அது சொத்துச் சட்டத்தின் சொல். உரிமையாளர் இன்னாரென்று தெரியாமல் கிடக்கும் பொருளைக் குறித்தது. திருடன் துரத்தப்படும்போது வழியில் வீசிவிட்டுப் போன பொருளுக்கும் அதே பெயர்தான். அந்தக் காலச் சட்டத்தில் மனத்தைத் தைக்கும் ஒரு வழக்கமும் உண்டு. ஆண் ஒருவனைச் சட்டத்துக்குப் புறம்பானவன் என்று அறிவித்தார்கள். பெண்ணை அப்படி அறிவிக்க முடியவில்லை. ஏனென்றால் ஆண்களைப் போல அவள் சட்டத்துக்குக் கட்டுப்படுவதாக உறுதிமொழி ஏற்றுச் சட்டத்துக்குள் வந்தவளே அல்லள். அதனால் அவளை ‘வேவ்’ செய்தார்கள், அதாவது கேட்பாரற்றவளாக விட்டுவிட்டார்கள். கூடைப்பந்துச் சொல்லுக்கு அடியில் இத்தனை பழைய துயரம் கிடக்கிறது.

விளையாட்டுக்குள் இந்தச் சொல் வந்த விதத்தில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டில் ஓர் அணி தன் வீரரை விடுவிக்க நினைத்தால், மற்ற அணிகள் அவர்மேல் உரிமை கோரலாம். கோராத அணி தன் உரிமையை விட்டுக்கொடுக்கிறது. அந்த விட்டுக்கொடுத்தல்தான் வேவர். ஆக, முதலில் ‘வேவ்’ செய்தது வீரரை அனுப்பிய அணி அல்ல. அவரை வேண்டாம் என்று சும்மா இருந்த மற்ற அணிகள்தாம். காலப்போக்கில் சொல் திசை மாறி, அனுப்பும் அணியின் செயலுக்கே பெயராகிவிட்டது. இன்று ‘அவரை வேவ் செய்தார்கள்’ என்றால் ‘அவரை அணியிலிருந்து விடுவித்தார்கள்’ என்றுதான் பொருள். என்பிஏ விதிப்படி விடுவிக்கப்பட்டவர் 48 மணி நேரம் அந்தப் பட்டியலில் இருப்பார். பல அணிகள் கேட்டால், வெற்றிக் கணக்கில் பின்தங்கிய அணிக்கே முன்னுரிமை. கோரும் அணி அவருடைய ஒப்பந்தத்தையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும். யாரும் கேட்கவில்லை என்றால் அவர் எந்த அணியோடும் புதிதாகப் பேசிக்கொள்ளலாம்.

‘வயர்’ எளிது, இனிமையானதும்கூட. லீக் அலுவலகத்திலிருந்து அணிகளுக்குச் செய்தி தந்திக் கம்பியில் போன காலத்தின் மிச்சம் அது. கம்பியின் பெயரே கம்பியில் வந்த செய்திக்கும் பெயராயிற்று. தமிழிலும் இதுவே நடந்திருக்கிறது. வடமொழி வழியாக வந்த ‘தந்தி’ முதலில் வீணையின் கம்பி. பிறகு மின்கம்பியில் வந்த செய்தியும் தந்தி. 1942இல் மதுரையில் ஒரு நாளிதழ் தொடங்கியபோது ‘தந்தி’ என்பது பத்திரிகைக்கே பெயராகும் அளவுக்கு அந்தச் சொல்லில் சூடு இருந்தது. குளிரில் பற்கள் இன்றும் தந்தியடிக்கின்றன, தந்திச் சேவை 2013 ஜூலையோடு நின்றுபோன பிறகும். வயர் என்பதற்குத் தமிழ் தேடினால் மின்சாரக் கம்பி நினைவுக்கு வரக் கூடாது. தந்திதான் வர வேண்டும்.

இந்தச் சொல்லின் முழு வாழ்க்கையையும் ஒரே ஆளில் பார்க்க வேண்டுமானால் ஜெரமி லின்னைப் பார்க்க வேண்டும். ஹார்வர்டில் படித்தவர், என்பிஏ அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் 2010 வீரர் தேர்வில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. 2011 டிசம்பர் 9 அன்று கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அவரை விடுவித்தது. மூன்று நாளில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் உரிமை கோரி எடுத்தது. டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அதுவும் விடுவித்தது. 27ஆம் தேதி நியூயார்க் நிக்ஸ் எடுத்துக்கொண்டது. அங்கும் மாற்று வீரர்களின் இருக்கைதான், ஜனவரியில் கொஞ்ச நாள் கீழ்நிலை லீக்குக்கும் அனுப்பப்பட்டார். நிக்ஸ் 8 வெற்றி, 15 தோல்வி என்று தள்ளாடிக்கொண்டிருந்தபோது, பிப்ரவரி 4 அன்று நியூஜெர்சி நெட்ஸுக்கு எதிராக அவரை இறக்கினார்கள். 25 புள்ளி, 7 அசிஸ்ட், 5 ரீபவுண்ட். அடுத்த ஆட்டத்தில் முதன்முறையாகத் தொடக்க ஐவரில் ஒருவரானார்: 28 புள்ளி. பிறகு 23. பிப்ரவரி 10 அன்று கோபி பிரயன்ட் ஆடிய லேக்கர்ஸுக்கு எதிராக 38. பிறகு 20. காதலர் தினத்தன்று டொராண்டோவில் 27, அதில் ஆட்டம் முடிய அரை நொடி இருக்கும்போது வென்று கொடுத்த மூன்று புள்ளி எறிதலும் அடங்கும். தொடக்க ஐவரில் ஆடிய முதல் ஐந்து ஆட்டங்களில் 136 புள்ளி. அந்த பிப்ரவரி 4 இரவு வரை, உலகம் முழுவதும் உள்ள ஃபேன்டசி லீக்குகளில் அவரை யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். உண்மையான வேவர் வயரிலிருந்து வந்த மனிதர் கற்பனை வேவர் வயரிலும் சும்மா நின்றுகொண்டிருந்தார்.

ஃபேன்டசி ஆட்டம் இந்தச் சொல்லை உண்மை விளையாட்டிலிருந்து அப்படியே வாங்கிக்கொண்டது. 1980இல் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் நியூயார்க் உணவகம் ஒன்றின் பெயரில் தொடங்கிய ‘ரோட்டிசெரி’ பேஸ்பால்தான் இன்றைய வடிவத்துக்கு வழி போட்டது. லீக்குக்கு லீக் விதி மாறும். சில இடங்களில் வரிசை முறை. ஒருமுறை எடுத்தவர் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். வேறு சில இடங்களில் ஆளுக்குப் பருவம் முழுவதுக்குமாக, பெரும்பாலும் 100 என்று, ஒரு கற்பனைத் தொகை; முத்திரையிட்ட உறையில் ஒப்பந்தப்புள்ளி கொடுப்பதைப் போல, பிறர் தொகை தெரியாமல் ஏலம் கேட்க வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘விடுப்பு’ என்பதுதான் வேருக்கு மிக அருகில் வருகிறது. ஆனால் விடுப்புப் பட்டியல் என்றால் அலுவலகத்தில் யார் யார் விடுமுறை என்பதுதான் நினைவுக்கு வரும். ‘விடுபட்டோர்’ என்றால் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள். ‘உரிமைத் துறப்பு’ சட்டத்தில் சரியான சொல், ஆனால் ஆட்டக்களத்தின் வேகம் அதற்கு இல்லை. நான் ‘விடுவிப்பு’ என்பதையே பிடித்துக்கொள்கிறேன். ஏலத்துக்கு முன் ஐபிஎல் அணிகள் வீரர்களை ‘விடுவித்தன’, ‘தக்கவைத்தன’ என்று நம் விளையாட்டுப் பக்கங்கள் ஏற்கெனவே எழுதுகின்றன. அரசு அலுவலகத்திலும் ஒருவரைப் பணியிலிருந்து விடுவிப்பது அவர் இன்னோர் இடத்தில் சேர்வதற்காகத்தான். சொல்லுக்குள்ளேயே அடுத்த இடம் இருக்கிறது. தள்ளுபடியில் அது இல்லை. ஆகவே வேவர் வயர், ‘விடுவிப்புப் பட்டியல்’. தந்தியை இழக்க வருத்தந்தான். ஆனால் ‘விடுவிப்புத் தந்தி’ என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லியே பருவம் முடிந்துவிடும்.

அந்தப் பட்டியலிலிருந்து ஒருவரை எடுப்பதை ‘பிக்கப்’ என்கிறார்கள். நேராகப் ‘பொறுக்குதல்’ என்றால் தமிழில் அது வேறு எங்கோ போய் இடிக்கும். நம்மிடம் ‘கண்டெடுத்தல்’ இருக்கிறது. கண்டதும் எடுத்ததும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பதுதான் இதன் அழகு. எடுப்பதற்கு ஒரு நொடி போதும். காண்பதற்குத்தான் கண் வேண்டும்.

பருவத் தொடக்கத்தில் எதைக் காண வேண்டும் என்பதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு: புள்ளியைப் பார்க்காதீர்கள், நிமிடத்தைப் பாருங்கள். விடியற்காலையில் ஆட்டக் கணக்கைத் திறந்தால் 30 புள்ளி எடுத்தவர் பெயர்தான் கண்ணைப் பறிக்கும். அவர் 21 நிமிடமே ஆடி, எறிந்ததெல்லாம் விழுந்த இரவாக அது இருக்கலாம்; அப்படியொரு இரவு அடுத்த வாரம் வராது. அதே பக்கத்தில் கீழே ஒருவர் 9 புள்ளியோடு 34 நிமிடம் ஆடியிருப்பார், மூன்று பந்துப் பறிப்போடு. பயிற்சியாளர் அவரை நம்பத் தொடங்கிவிட்டார் என்பதை அந்த 34 சொல்கிறது. புள்ளி, ரீபவுண்ட் என்று ஒன்பது வகைகளைத் தனித்தனியே கணக்கிடும் லீக்குகளில் பறிப்பும் தடுப்பும் புள்ளிக்கு இணையான எடை உள்ளவை. ஆனால் அவற்றைக் குவிப்பவர்கள் சிலரே.

டைசன் டேனியல்ஸ் இதற்கு நல்ல சான்று. நியூ ஆர்லியன்ஸில் 2023–24இல் ஏறத்தாழ 22 நிமிடம் ஆடி, ஆட்டத்துக்கு 1.4 பறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். 2024 கோடையில் டிஜான்டே மரேயை விட்டுக்கொடுத்த அட்லாண்டா, பதிலுக்குப் பெற்றவர்களில் இவரும் ஒருவர். ஃபேன்டசித் தேர்வின் முதல் சுற்றுகளில் எடுக்கத்தக்க பெயராக அப்போது யாரும் இவரைப் பேசவில்லை. அட்லாண்டாவில் நிமிடம் 34க்கு அருகே ஏறியது; பறிப்பு ஆட்டத்துக்கு 3 ஆயிற்று. பருவம் முடிந்தபோது 229 பறிப்பு, லீக்கிலேயே அதிகம். அந்த ஆண்டு மிகவும் முன்னேறிய வீரர் விருதும் அவருக்கே. திறமை முன்பே இருந்தது. புதிதாக வந்தது நிமிடம்.

ஹசன் வைட்சைடுக்கும் அப்படித்தான். 2014 நவம்பரில் மெம்ஃபிஸ் விடுவித்த சில நாட்களில் மயாமி அவரைச் சேர்த்துக்கொண்டது. 2015 ஜனவரி 25 அன்று சிகாகோவுக்கு எதிராக 25 நிமிடம்கூட ஆடாமல் 14 புள்ளி, 13 ரீபவுண்ட், 12 தடுப்பு.

இந்த இடத்தில் ‘ஸ்லீப்பர்’ என்ற சொல்லையும் பலர் கலந்துவிடுகிறார்கள். ஸ்லீப்பர் என்பவர் ஃபேன்டசி லீக்கின் வீரர் தேர்வுக்கு முன்பே பேசப்பட வேண்டியவர். மற்றவர்கள் கவனிக்காததால் பின்சுற்றில் கிடைப்பவர். அவருக்குத் தமிழில் புதுச்சொல்லே வேண்டாம்: குடத்திலிட்ட விளக்கு. கண்டெடுப்பு என்பது தேர்வு முடிந்த பிறகு நடப்பது.

மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. 48 மணி நேரமும் யாரும் உரிமை கோராமல் ஒருவர் பட்டியலைத் தாண்டி வெளியே வருவதை ஆங்கிலத்தில் ‘கிளியர்ஸ் வேவர்ஸ்’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ‘கேட்பாரின்றி வெளிவந்தார்’ என்று நான் எழுதிப் பார்த்தேன். பொருள் சரி. ஆனால் வைட்சைடைப் போன்ற ஒருவரைப் பற்றி எழுதும்போது அந்தக் ‘கேட்பாரின்றி’ கனக்கிறது. அக்கா மகன் ‘கோரப்படாமல்’ என்று வைக்கலாம் என்கிறான். இந்தப் பருவம் முழுவதும் அதைப் புழங்கிப் பார்க்கப் போகிறோம்.