ஹீப்பைக் கூட்டினால் தேடல் வேகமாகுமா?

தேடல் மென்பொருளான எலாஸ்டிக்சர்ச்சின் கிளஸ்டர் (ஒன்றாக இயங்கும் சர்வர்களின் தொகுப்பு) மந்தமாகிவிட்டது என்று அழைப்பு வரும்போது, பெரும்பாலும் அதற்கு முன்பே யாரோ ஜாவா ஹீப்பை, அதாவது அந்த மென்பொருள் தன் தரவுக்கென ஒதுக்கிக்கொள்ளும் நினைவகத்தை, கூட்டியிருப்பார்கள். 64 ஜிபி நினைவகம் உள்ள சர்வரில் 48 ஜிபியை ஹீப்புக்கு ஒதுக்கிவிட்டு, அதன் பிறகும் வேகம் வரவில்லையே என்பார்கள். வராது. எலாஸ்டிக்சர்ச்சுக்கு அடியில் இயங்கும் தேடல் நூலகமான லூசீன், தன் செக்மென்ட் (தேடல் தரவின் துண்டு) கோப்புகளை விரைவாகப் படிக்க இயங்குதளத்தின் கோப்புக் கேஷையே (படித்ததை மறுபடி எடுக்க நினைவகத்தில் வைத்திருக்கும் இடம்) நம்பியிருக்கிறது. அந்தக் கேஷோ ஹீப் போக மிஞ்சிய நினைவகத்தில்தான் இருக்கிறது. ஆகவே ஹீப்புக்கு மொத்தத்தில் பாதிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற பரிந்துரையைச் சம்பிரதாயமாக எண்ணிவிட வேண்டாம்.

ஹீப்புக்குள் இருப்பவற்றில் இரண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிளஸ்டரின் உறுப்பான ஒவ்வொரு நோடிலும் உள்ள வினவல் கேஷ், இயல்பாக ஹீப்பில் 10 சதவீதம் வரை எடுத்துக்கொண்டு, பொருத்த மதிப்பெண் கணக்கிடத் தேவையில்லாத ஃபில்டர்களின் (ஆம், இல்லை என்று மட்டும் வடிகட்டும் நிபந்தனைகள்) விடைகளைச் செக்மென்ட் வாரியாக வைத்திருக்கும். சிறிய செக்மென்ட்களை அது பொருட்படுத்துவதில்லை. மற்றொன்று ஷார்டு கோரிக்கைக் கேஷ் (ஷார்டு என்பது இன்டெக்ஸின், அதாவது தரவுத் தொகுப்பின், ஒரு பகுதி). இதற்கு 1 சதவீதம்தான். எண்ணிக்கை, கூட்டுத்தொகை போன்றவற்றை மட்டும் கேட்கும், அதாவது திருப்பித் தர வேண்டிய ஆவணங்களின் எண்ணிக்கையைச் சொல்லும் ‘சைஸ்’ 0 ஆக உள்ள கோரிக்கைகளின் விடையை இது அப்படியே காத்து வைக்கிறது.

டாஷ்போர்டுகளுக்கு உயிர்நாடியான இந்த இரண்டாவது கேஷைத்தான் நாம் அறியாமலேயே வீணாக்குகிறோம். கோரிக்கையின் ஜேசான் (கோரிக்கை எழுதப்படும் உரை வடிவம்) முழுவதுமே இதற்குச் சாவி என்பதால், அதே கேள்வியில் புலங்களின் வரிசை மாறினால்கூட அது புதிய கேள்வியாகிவிடும். ‘கடைசி ஒரு மணி நேரம்’ என்பதற்கு மில்லிவினாடி வரை துல்லியமாக நேரம் எழுதி அனுப்பும் செயலிக்கு ஒரு விடைகூடக் கேஷிலிருந்து கிடைக்காது. நேரத்தை நிமிடத்துக்கு முழுமையாக்கி அனுப்பினால், அந்த நிமிடத்துக்குள் டாஷ்போர்டைத் திறக்கும் அடுத்தவருக்கு அதே விடை பயன்படலாம். அதற்கும் ஒரு தடை உண்டு: ஷார்டில் புதிய தரவு சேர்ந்து ரெஃப்ரெஷ் (புதிய தரவைத் தேடலுக்குத் தெரியச் செய்வது) நடந்ததும் பழைய விடை செல்லாததாகிவிடும். ரெஃப்ரெஷ் இயல்பாக 1 வினாடிக்கு ஒருமுறை என்பதால், ஓயாமல் எழுதப்படும் லாக் இன்டெக்ஸில் இந்தக் கேஷால் பயன் குறைவு. இன்டெக்ஸ்களைத் தேதி வாரியாகப் பிரித்தால், எழுத்து நின்றுபோன நேற்றைய இன்டெக்ஸில் அது நிலைத்து நிற்கும்.

கேஷ்கள் நோடுகளுக்கிடையே பகிரப்படுவதில்லை என்பதும் பலருக்குப் புலப்படுவதில்லை. ஒரே ஷார்டின் பிரைமரியும் (மூலப் பிரதி) ரெப்ளிகாக்களும் (நகல் பிரதிகள்) தத்தம் நோடில் தனித்தனியே கேஷ் வைத்திருப்பதால், ஒருவரின் அடுத்த கோரிக்கை வேறு பிரதிக்குப் போனால் அங்கே எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ‘பிரிஃபரன்ஸ்’ அளவுருவில் பயனரின் செஷன் அடையாளத்தை அனுப்பினால், கிளஸ்டர் நிலை மாறாதவரை அவர் ஒரே பிரதிகளுக்கே போவார். எல்லாருக்கும் ஒரே சொல்லை அனுப்பிவிடாதீர்கள். சுமை முழுவதும் அதே பிரதிகளின் தலையில் விழும்.

எதையும் மாற்றும் முன், நோடு ஸ்டாட்ஸில் (நோடுகளின் புள்ளிவிவரம்) ஹிட் (கேஷில் கிடைத்தவை), மிஸ் (கிடைக்காதவை), எவிக்‌ஷன் (கேஷிலிருந்து வெளியேற்றப்பட்டவை) எண்களைச் சற்று இடைவெளி விட்டு இருமுறை எடுத்து ஒப்பிடுங்கள். வினவல் கேஷில் எவிக்‌ஷன் ஏறியும் ஹிட் அசையாமலும் இருந்தால், அங்கே ஃபில்டர்கள் திரும்பத் திரும்ப வருவதே அரிது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அப்போது கேஷின் அளவைக் கூட்டுவதை விட, வினவலை உருவாக்கும் நிரலைத் திறந்து பார்ப்பதே விரைவான வழி.