வோகோடர்: சொல் வந்த வழியும் தமிழ்ப் பெயரும்

ஒருவர் பேசிய அல்லது பாடிய குரலிலிருந்து சொற்களின் ஒலிப்பு வடிவத்தை மட்டும் பிரித்தெடுத்து, அதைச் சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் இசைக்கருவி) போன்ற வேறொரு கருவியின் ஒலிமீது ஏற்றி, அந்தக் கருவியே வாய்திறந்து பாடுவதுபோல் கேட்கச் செய்யும் கருவிக்கோ மென்பொருளுக்கோ மின்னணு இசைத்துறையில் வோகோடர் என்று பெயர். இதனை ‘ரோபோ குரல்’ என்றோ ‘குரல் மாற்றி’ என்றோ சொல்லிவிடலாம். ஆனால் முன்னது காதில் விழும் விளைவை மட்டுமே குறிக்கிறது, பின்னதோ குரலை மாற்றும் எல்லாக் கருவிகளுக்கும் பொருந்துகிறது. இந்தக் கருவி குரலை என்ன செய்கிறது என்பது அதன் இயற்பெயரிலேயே இருப்பதால், அப்பெயர் பிறந்த இடத்திலிருந்து தொடங்குவதே முறை.

குரலைக் குறிக்கும் ‘வாய்ஸ்’, குறியீடாக்குவதைக் குறிக்கும் ‘கோடர்’ என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி இணைத்தது வோகோடர். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஹோமர் டட்லி என்னும் பொறியாளர் 1928ஆம் ஆண்டு வாக்கில் இதற்கான ஆய்வைத் தொடங்கினார். அவர் நோக்கம் இசை அன்று, தொலைபேசி. ஏறத்தாழ 3000 ஹெர்ட்ஸ் பட்டை அகலத்தை எடுத்துக்கொள்ளும் பேச்சை அதில் பத்தில் ஒரு பங்குக்குள் அடக்க முடிந்தால், ஒரே கம்பிவடத்தில் பல உரையாடல்களை அனுப்பலாம் என்பதே அவர் கணக்கு.

இதற்கு அடிப்படையாக அமைந்த கருத்து மிக அழகானது. பேச்சொலி வேகமாக அதிர்ந்தாலும், அதை வடிவமைக்கும் நாவும் உதடும் தாடையும் மெதுவாகவே அசைகின்றன. ஆகவே ஒலியை அப்படியே அனுப்பாமல், அந்த மெதுவான அசைவுகளின் விளைவை மட்டும் அளந்து அனுப்பினால் போதும். டட்லியின் கருவி குரலைப் பத்து அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் ஒலியாற்றல் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை அளந்து, அந்த அளவுகளையும் குரலின் சுருதி பற்றிய செய்தியையும் மறுமுனைக்கு அனுப்பியது. அங்கே ஓர் இரைச்சலொலியும் ஒரு ரீங்கார ஒலியும் அந்த அளவுகளின்படி வடிக்கப்பட்டு மீண்டும் பேச்சாயின. உந்தியிலிருந்து எழும் வளி ஒன்றே, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகிறது என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் வகுத்திருப்பதைப் படித்தவருக்கு, மூல ஒலியையும் அதை வடிக்கும் உறுப்பையும் இப்படித் தனித்தனியே காணும் பார்வை புதிதாகத் தோன்றாது.

இந்தக் கருவிக்கு 1939இல் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில், இதன் இரு பாதிகளில் பேச்சை உருவாக்கும் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, விரற்கட்டைகளாலும் மணிக்கட்டால் அழுத்தும் பட்டையாலும் சுருதிக்கான கால்மிதியாலும் இயக்குபவர் பேச வைக்கும் ‘வோடர்’ என்னும் கருவி மக்களுக்குக் காட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது வோகோடர் வேறொரு பணிக்குச் சென்றது. 1943 ஜூலையில் வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் இடையே பயன்பாட்டுக்கு வந்த சிக்சாலி என்னும் கமுக்கத் தொலைபேசி அமைப்பு, குரலை முதலில் வோகோடரால் எண்களாக்கி, பிறகு இசைத்தட்டில் பதிந்திருந்த ஒழுங்கற்ற இரைச்சலை அந்த எண்களோடு கலந்து மறைத்தது. இரு முனைகளிலும் ஒரே இரைச்சற்பதிவு, ஒரே கணத்தில் ஓட வேண்டியிருந்தது. ஐம்பது டன்னுக்கு மேல் எடையுள்ள அந்த அமைப்பில் குறியாக்கும் வேலையும் மறைக்கும் வேலையும் வெவ்வேறு பகுதிகள் செய்தவை என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். வோகோடரின் ‘குறி’ மறைகுறி அன்று. அளந்தெடுத்த பதிவு மட்டுமே.

இசைக்கு இது பரவலாக வந்தது மிகப் பின்னர். இசைக்கலைஞர் வெண்டி கார்லோசும் சிந்தசைசர் வடிவமைப்பாளர் ராபர்ட் மூகும் 1970ஆம் ஆண்டு வாக்கில், டட்லியின் வடிவமைப்பைப் பின்பற்றிப் பத்துப் பட்டைகள் கொண்ட கருவி ஒன்றை உருவாக்கினர். பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியில் வரும் பாடற்பகுதியைச் சிந்தசைசர் பாடுவதுபோல் 1971இல் வெளிவந்த ஒரு திரைப்படத்துக்காக அமைத்தது இந்தக் கருவிதான். அவர்கள் அதற்கு முதலில் இட்ட பெயர், ஒலி நிறமாலையைக் குறியாக்கிக் குறிவிலக்கும் கருவி என்னும் பொருளுடையது. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவினர் அதே பத்தாண்டில் இந்த ஒலியைத் தங்கள் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டனர்.

தொலைபேசியிலிருந்து இசைக்கு வந்தபோது ஒரே ஒரு மாற்றம்தான் நிகழ்ந்தது. ஆனால் அது எல்லாவற்றையும் மாற்றியது. குரலின் சுருதி கைவிடப்பட்டு, அந்த இடத்தில் கருவியின் சுருதி அமர்ந்தது. எனவே பாடகர் எந்தச் சுருதியில் பாடினாலும், ஏன், வெறுமனே பேசினாலும், விசைப்பலகையில் அழுத்திய கார்டே, அதாவது ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டே கேட்கும். நம் இயற்பியல் பாடநூல்களின் சொற்களைக் கொண்டே இதைச் சொல்லலாம்: சிந்தசைசரின் ஒலி சுமந்து செல்லும் ஊர்தி, பதிவு செய்த குரல் அதன்மேல் பண்பேற்றும் குறிப்பலை. ஊர்தி ஒலியில் எல்லாப் பட்டைகளிலும் ஆற்றல் இருக்க வேண்டும். ரம்பப்பல் அலை இதற்கு ஏற்றது. தூய சைன் அலையில் மேற்பட்டைகள் வெறுமையாக இருப்பதால் அவற்றை வடிக்க ஒன்றும் இராது. குரல் எதிரொலியின்றிப் பதிவாகி, கம்ப்ரசரால் அதன் ஏற்ற இறக்கம் ஓரளவு சமன் செய்யப்பட்டிருந்தால் சொற்கள் தெளிவாகும். பட்டைகள் பத்தாக இருக்கும்போது கிடைக்கும் கரடான ஒலி, இருபதாக உயரும்போது தெளிந்த உச்சரிப்பாகிறது. எது வேண்டும் என்பது பாட்டைப் பொறுத்தது.

தமிழ்ச் சொற்களைப் பதிவு செய்து இதில் செலுத்துவோர் ஒன்றைத் தனியே கவனிக்க வேண்டும். நம் நெட்டுயிர்கள் இக்கருவியில் மிக நன்றாக நிற்கின்றன. இடர் இரட்டித்த வல்லெழுத்துகளில் வருகிறது. ‘பட்டு’, ‘பக்கம்’ போன்ற சொற்களின் நடுவே ஒலி முற்றிலும் அடைபட்டு, சில கணம் அமைதி நிலவி, பிறகு வெடிக்கிறது. பட்டைகளின் அளவு தணியும் நேரத்தை நீளமாக வைத்தால் அந்த அமைதியை ஊர்தி ஒலி நிரப்பிவிடும், சொல் குழைந்துபோகும். அந்நேரத்தைச் சில பத்து மில்லிநொடிகளுக்குள் வைப்பதும், சகரத்தின் சீறலுக்காக ஊர்தியுடன் எல்லா அதிர்வெண்களும் கலந்த வெள்ளிரைச்சலைச் சிறிது கலப்பதும் பயன் தரும்.

வோகோடருடன் குழப்பிக்கொள்ளப்படுபவை இரண்டு. டாக் பாக்ஸ் என்னும் கருவியில் கிட்டார் அல்லது கீபோர்டின் ஒலி ஒரு குழாய் வழியே கலைஞரின் வாய்க்குள் செல்கிறது. அங்கே ஒலியை வடிக்கும் வடிப்பி உண்மையான வாயே. 1997இல் வெளிவந்த ஆட்டோ-டியூன் என்னும் மென்பொருள் பாடகரின் சொந்தக் குரலையே வைத்துக்கொண்டு அதன் சுருதியை மட்டும் நகர்த்துகிறது. 1998இல் அமெரிக்கப் பாடகி ஷெர் பாடிப் புகழ்பெற்ற பாடலில் ஆட்டோ-டியூனைக் கையாண்ட தயாரிப்பாளர்கள், மறு ஆண்டு ஒலிப்பதிவு இதழ் ஒன்றிடம் அதனை வோகோடர் வகைக் கருவியின் விளைவு என்றே கூறியதும் இக்குழப்பத்துக்கு ஒரு காரணம். வோகோடர் சுருதியை விட்டுவிட்டு உச்சரிப்பை எடுத்துக்கொள்கிறது. ஆட்டோ-டியூன் உச்சரிப்பைத் தொடாமல் சுருதியைத் திருத்துகிறது.

ஆகவே வோகோடருக்குரிய தமிழ்ப் பெயர் ‘குரற்குறியாக்கி’ என்பது என் துணிபு. பால் குடத்தோடு சேர்ந்து பாற்குடம் ஆவதுபோல் குரல் குறியாக்கியோடு புணர்ந்து இவ்வடிவம் பெறுகிறது. ‘குறியாக்கி’ கணினித் தமிழில் முன்பே வழங்கும் சொல். இசையில் எதுவும் குறியாக்கப்படுவதில்லையே என்று கேட்கலாம். கருவிக்குள் குரல் ஒலியாகக் கடப்பதில்லை, பட்டைதோறும் அளந்த அளவாகவே கடக்கிறது என்பதால் பெயர் இன்றும் பொருந்தும். வாய்ப்பாட்டை மிடற்றிசை என்று சொல்லும் வழக்கைக் கொண்டு ‘மிடறு’ என்னும் அழகிய சொல்லை இங்கே ஆள எனக்கும் விருப்பம் உண்டு. ஆனால் மிடறு தரும் சுருதியைத்தான் இக்கருவி தள்ளிவிடுகிறது. பண்ணிசை மரபில் ‘குரல்’ ஏழு சுரங்களில் முதலாவதன் பெயராகவும் வழங்கினாலும், இந்தத் தொடரில் அதனால் மயக்கம் நேராது. ஒலிப்பதிவுக் கூடத்தில் ‘வோகோடர்’ என்றே பேசட்டும். எழுத்தில் ஒருமுறை இரண்டையும் சேர்த்துத் தந்துவிட்டுப் பின்னர்த் தமிழ்ச் சொல்லைத் தொடரலாம்.

1966இல் பெல் ஆய்வகத்திலேயே ஃபிளனகனும் கோல்டனும் விளக்கிய ‘ஃபேஸ் வோகோடர்’ ஒலியின் சுருதி மாறாமல் அதன் நீளத்தை மாற்றவும், நீளம் மாறாமல் சுருதியை மாற்றவும் பயன்படுவது. பேச்சுக்காகவே பிறந்தது எனினும், இன்று அது வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் ஒன்றுபோலவே செயற்படுவதால், அலையின் கட்டத்தைக் குறிக்கும் ‘ஃபேஸ்’ என்னும் சொல்லைக் கொண்டு அதனைக் ‘கட்டக் குறியாக்கி’ என்று குரலை விட்டு வழங்குவதே பொருந்தும்.