கோகோ பீட் கரியா, சோறா?

குன்னூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளியிருக்கும் அக்கா போன மாதம் ஒரு காலையில் ஆந்தூரியம் தொட்டியை இடுப்பில் ஏந்திக்கொண்டு வந்தார். “சொன்னபடிதான் தம்பி போட்டேன். இலையெல்லாம் தொங்கிவிட்டது, ஊற்றிய தண்ணீர் அப்படியே கீழே ஓடுகிறது.” கவிழ்த்துப் பார்த்தேன். பாதித் தொட்டி சிரட்டைக் கரி. ஏன் இவ்வளவு கரி என்று கேட்டால், வாங்கிய உரப் பையையே கொண்டுவந்து காட்டினார். பின்பக்கத்தில் தமிழில் செய்முறை இருந்தது: இரண்டு பங்கு தேங்காய்க் கரி, ஒரு பங்கு மட்கிய உரம், ஒரு கைப்பிடி கரித்துண்டு. ஒரே வரியில் இரண்டு கரி! “இது என்ன, அது என்ன?” என்று அக்கா கேட்டதில் தப்பே இல்லை.

முதல் கரி, கோகோ பீட் என்பதன் மொழிபெயர்ப்பு: தேங்காய் மட்டையில் நாரை உரிக்கும்போது உதிர்வது, தொட்டிச் செடிக்குக் கலப்பது. இந்தத் ‘தேங்காய்க் கரி’யை நான் பார்ப்பது இது முதல்முறை அல்ல. ஊட்டியில் ஒரு நர்சரிப் பலகையிலும், செடி வளர்ப்புக் குறிப்புகளிலும் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன். இப்போது ஒரு செடியே அதற்குப் பலியாகப் பார்த்ததால் எழுதுகிறேன்.

சொல்லின் கதை சிறியது. ‘கோகோ’ போர்த்துகீசியர் தேங்காய்க்கு வைத்த பெயர். ஓட்டிலுள்ள மூன்று கண்களைப் பார்த்துப் பல்லிளிக்கும் முகம் என்று நினைத்தார்களாம். ‘பீட்’ பிரிட்டனின் சதுப்பு நிலங்களிலிருந்து வெட்டியெடுக்கும் மட்கிய படிவு. இரண்டையும் ஒட்டவைத்தது வியாபாரம். சதுப்புப் படிவைப் போலவே நீரைப் பிடித்து வைக்கிறது என்பதால் தேங்காய் மட்டையிலிருந்து உதிரும் பொருளுக்கும் அந்தப் பெயர் வந்தது. ஒப்புமைப் பெயர், அவ்வளவுதான். அதில் பீட்டும் கிடையாது, கரியும் கிடையாது. நாருக்கு ஆங்கிலேயர் சொல்லும் ‘காயர்’ நம் பக்கத்துக் கயிற்றிலிருந்து போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கயிற்றைக் கொடுத்துவிட்டுக் கரியை வாங்கி வந்திருக்கிறோம்.

கரி எங்கிருந்து நுழைந்தது? ஊகிப்பது கடினமில்லை. பள்ளிப் பாடத்தில் நிலக்கரியின் படிநிலைகளைச் சொல்லும்போது பீட் முதலில் வரும். பிறகு பழுப்பு நிலக்கரி, கடைசியில் நன்கு முற்றிய நிலக்கரியான ஆந்த்ரசைட். அகராதிக்காரர் அதைப் பார்த்து ‘முற்றா நிலக்கரி’ என்று எழுதினார். மொழிபெயர்ப்பவர் ‘முற்றா’வையும் ‘நில’த்தையும் உதறிவிட்டு மிச்சத்தைத் தேங்காயோடு முடிச்சுப் போட்டுவிட்டார். நிலவியலில் அந்தப் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். தொட்டிக்குள் அதற்கு என்ன வேலை?

அதைவிட, தேங்காய்க் கரி என்று நிஜமாகவே ஒன்று இருக்கிறது. கொட்டாங்குச்சியைக் காற்றுப் புகாமல் சுட்டு எடுப்பது. காங்கேயம் பக்கம் அது பெரிய தொழில். நீரை வடிகட்டும் கரியும் அதிலிருந்துதான் செய்கிறார்கள். ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் அந்தக் கரியையும் செங்கல் துண்டையும் கலந்துதான் தொட்டியை நிரப்புவார்கள், நீர் தங்காமல் வடியவேண்டும் என்பதற்காக. ஆக ஒன்று நீரைப் பிடித்து வைப்பது, மற்றது நீரை விட்டுவிடுவது. நேர்மாறான இரண்டு வேலைக்கு ஒரே பெயர் வைத்தால் அக்காவின் ஆந்தூரியம் வாடாமல் என்ன செய்யும்?

நீலகிரிக்காரனாக எனக்கு இன்னொரு எரிச்சல். உண்மையான பீட் எங்கள் மலையிலேயே இருக்கிறது. ஊட்டியை அடுத்த சாண்டிநல்லாவின் பள்ளத்தாக்கில் புல்லும் கோரையும் நீரில் அமிழ்ந்து, முழுதும் மட்காமல், கறுப்பாக அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கிறது. 20,000 ஆண்டுகளுக்கும் பழைய படிவு. அதிலுள்ள கரிமத்தை ஆராய்ந்து, எந்தக் காலத்தில் இங்கே புல்வெளி மிகுந்தது, எப்போது மரங்கள் ஏறின என்று கண்டு ஆய்வாளர்கள் 1993இல் நேச்சர் என்னும் அறிவியல் இதழில் எழுதினார்கள். அது ஆயிரமாயிரம் ஆண்டுச் சேமிப்பு, வெட்டினால் திரும்பாது. தேங்காய் மட்டையில் வருவதோ போன வருடம் மரத்தில் தொங்கியது. அதற்கு பீட் என்றே இருக்கட்டும், வேண்டுமானால் சதுப்பு மட்கு என்போம். இதற்கு வேறு பெயர் வேண்டும்.

பெயர் இல்லாமலா போயிற்று? வேளாண் பல்கலைக்கழகத்தார் ‘தென்னை நார்க்கழிவு’ என்கிறார்கள். விவசாயிக்குப் புரிகிறது. சிப்பிக் காளான் வித்திட்டு அதை மட்கவைத்து வயலில் போடும்வரை அந்தப் பெயரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கழுவி, அலசி, கட்டியாக அழுத்தி, காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குள் வைக்கும் பொருளைக் கழிவு என்பானேன்? ‘நார்த்தூள்’ என்பது பரவாயில்லை. ஆனாலும் தூள் என்றால் இடித்ததோ பொடித்ததோ நினைவுக்கு வரும். இது நாரை உரிக்கும்போது இடையிலிருந்து தானாக உதிர்வது. பொள்ளாச்சி நார் மில்களில் ஆங்கிலத்திலேயே ‘பித்’ என்கிறார்கள். பித்துக் கட்டி என்று யாராவது எழுதிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

நான் சொல்வது நார்ச்சோறு. சிரிக்கவேண்டாம். நாருக்கும் தோலுக்கும் நடுவில் இருக்கும் மெத்தென்ற பகுதிக்குத் தமிழில் சோறு என்றுதான் பெயர். பனஞ்சோறு உண்டு, கற்றாழைச் சோறு உண்டு. சோற்றுக் கற்றாழை என்று சொல்லும்போது யாரும் குழம்பு தேடுவதில்லை. கூடலூர்ப் பக்கம் மலையாளம் பேசுபவர்களைக் கேளுங்கள், ‘சகிரிச்சோறு’ என்று பட்டென்று சொல்வார்கள். சகிரி என்றால் நார். மலைக்கு அந்தப் பக்கம் பேச்சில் புழங்குகிற சொல், இந்தப் பக்கம் அகராதியில் தூங்குகிறது. புதிதாக எதையும் படைக்கச் சொல்லவில்லை, எழுப்பினால் போதும். கட்டியை நீரில் போட்டுப் பாருங்கள், பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். 5 கிலோ கட்டி ஊறி 70 லிட்டர் அளவுக்குப் பொங்கி நிற்கும்.

பொங்கியதை அப்படியே போட்டுவிடக்கூடாது. உப்புநீரில் ஊறிய மட்டையானால் சோற்றிலும் உப்பு இருக்கும். முதல் நீர் கட்டன் சாயா நிறத்தில் இறங்கும். மூன்று முறை மாற்றி அலசி, நிறம் வெளுத்தபின் பிழிந்து எடுக்கவேண்டும். சோற்றில் ஊட்டம் அநேகமாக இல்லை, அதனால் மட்கிய உரம் அவசியம். எங்கள் செம்மண் தனியாகத் தொட்டியில் போட்டால் நாலு தண்ணீரில் களியாக இறுகிவிடும். ஆந்தூரியம், மான்ஸ்டெரா, மணி பிளாண்ட் எல்லாம் காட்டில் மரத்தைப் பற்றியும் சருகுக்குள்ளும் வேர்விடும் இனங்கள், வேருக்குக் காற்று வேண்டும். சமவெளியில் இரண்டு பங்கு சோறு சரி. இங்கே குளிரிலும் மேகமூட்டத்திலும் தொட்டி காய நாளாகும், ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டு ஆற்றுமணலோ செங்கல் துண்டோ கூட்டினால் வேர் அழுகாது. விரலை இரண்டு கணு விட்டுப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் மட்டும் நீர். இரண்டு வருடத்தில் சோறு மட்கிக் கலவை கீழே இறங்கும், அப்போது மாற்றவேண்டும். அந்தப் பையில் இது எதுவும் இல்லை. ‘ஆரோக்கியமான, சுவாசிக்கும் மண் உங்கள் உட்புறத் தாவரத்தின் மகிழ்ச்சிக்கான திறவுகோல்’ என்று மட்டும் இருந்தது.

மண்ணுக்கு எதற்கு ஆரோக்கியம்? காய்ச்சலா வந்தது? அரசு விவசாயிக்குக் கொடுக்கும் அட்டைக்கு மண்வள அட்டை என்று பெயர். அதை எழுதிய கை யாருடையதோ, கும்பிடலாம். சுவாசிக்கும் மண்ணை எந்தத் தோட்டக்காரரும் கண்டதில்லை, அவர்கள் பொலபொலவென்று இருக்கவேண்டும் என்பார்கள். கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாக நிற்கும், விரலால் தட்டினால் உதிரும். இந்த ஒரு சொல்லில் இருப்பது மூன்று வரி மொழிபெயர்ப்பில் இல்லை. இவற்றை எழுதுபவர் ஒருநாளாவது நகக்கண்ணில் மண்படச் செடி நட்டிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். இன்னொரு பையில் ‘பானைக் கலவை’ என்றே பார்த்தேன். பானையில் பொங்கல்தான் வைப்போம், செடியைத் தொட்டியில் வைப்போம். தொட்டிக் கலவை என்று எழுத மை கூடவா செலவாகும்?

அக்காவின் ஆந்தூரியத்தை அன்றைக்கே மாற்றி நட்டோம். கரியைப் பொறுக்கிக் கழுவி மொட்டைமாடியில் காயவைத்தார். போன ஞாயிற்றுக்கிழமை அதில்தான் மக்காச்சோளம் சுட்டார், எனக்கும் இரண்டு கொடுத்துவிட்டார். செடியில் புது இலை ஒன்று சுருளாக எட்டிப் பார்க்கிறது.