மாட்டுக் கொழுப்புச் சோப்பும் தோல் அரிப்பும்

சோப்பு உறையில் மாட்டுக் கொழுப்பைக் குறிக்கும் ‘சோடியம் டாலோவேட்’ என்ற பெயரைக் கண்டதும், குளித்தபின் வரும் அரிப்புக்கு மாட்டுக் கொழுப்பே காரணம் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். சமய நம்பிக்கையாலோ கொள்கையாலோ அதைத் தவிர்ப்பது வேறு. தோலைப் பொறுத்தவரை இந்தப் பழி பெரும்பாலும் பொருந்துவதில்லை.

கொழுப்பைச் சோடியம் ஹைட்ராக்சைடுடன் வினைபுரியச் செய்தால், அது கிளிசரினாகவும் கொழுப்பு அமிலங்களின் சோடிய உப்புகளாகவும் பிரிகிறது. அந்த உப்புகளே சோப்பு. மாட்டுக் கொழுப்பிலிருந்து கிடைத்த சோடியம் ஸ்டியரேட் என்ற உப்பும் பாமாயிலிலிருந்து கிடைத்ததும் ஒரே மூலக்கூறுதான் என்பதால், அதன் பூர்வீகத்தைத் தோல் அறிய வழியில்லை.

தோலுக்கு முக்கியமானது கார்பன் சங்கிலியின் நீளம். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறையப் பாதி, 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். மாட்டுக் கொழுப்பிலோ 16, 18 கார்பன் அமிலங்களே மிகுதி. குட்டையான லாரிக் சோப்பு எளிதில் கரைந்து நிறைய நுரைக்கும்; அதே வேகத்தில் தோலின் மேலடுக்குச் செல்களை இணைத்துக் காக்கும் செராமைடு, கொலஸ்ட்ரால் போன்ற கொழுப்புப் பொருள்களையும் கலைக்கும். ஆகவே, மற்றவை சமமாக இருந்தால், நாம் ‘தூய தாவரம்’ என்று நம்பி வாங்கும் தேங்காய் எண்ணெய்ச் சோப்பே கூடுதலாக எரிச்சலூட்டக்கூடும்.

எந்தக் கொழுப்பில் செய்தாலும் சோப்பு காரத்தன்மை உடையது. அதன் பிஎச் மதிப்பு 9 முதல் 10 வரை இருக்கும். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பில் அது ஏறத்தாழ 5, அதாவது லேசான அமிலத்தன்மை. அந்த அமிலத்தன்மை குறையும்போது, மேலடுக்கின் கொழுப்பைச் சீராக்கும் நொதிகள் தளர்கின்றன. செல்களைப் பிணைக்கும் புரதங்களை அறுக்கும் நொதிகள் முனைப்படைகின்றன. உப்புத் தண்ணீரில், அதாவது கடின நீரில், உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து, அலசினாலும் எளிதில் போகாத படிவாகத் தோலில் ஒட்டிக்கொள்வதும் இதோடு சேரும். இவை எல்லாம் ஒவ்வாமை அல்ல, எரிச்சல் வகை. இதில் நோய் எதிர்ப்பு மண்டலம் எதையும் நினைவில் வைத்துக்கொண்டு தாக்குவதில்லை.

உண்மையான ஒவ்வாமை என்றால், முதலில் ஐயப்பட வேண்டியவை நறுமணப் பொருள்களும் பதனப் பொருள்களும். விலங்கிலிருந்து வருபவற்றில் கவனிக்கத்தக்கது லனோலின், அதாவது செம்மறியாட்டு மயிரின் மெழுகு. சோப்பில் சோடிய உப்பாக மாறிவிட்ட மாட்டுக் கொழுப்பைப் போலன்றி, லனோலினில் உள்ள சில ஆல்கஹால்கள் ஒவ்வாமையைத் தூண்ட வல்லவை. ஆனால் புண்பட்ட தோலில் லனோலினைத் தாங்காதவர் சிலர், நல்ல தோலில் அதைத் தாங்கிக்கொள்வதும் உண்டு.

எரிச்சலையும் ஒவ்வாமையையும் பிரித்தறியத் தோல் மருத்துவர்கள் ஒட்டுச் சோதனை செய்கிறார்கள். ஐயத்துக்குரிய பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, ஓரிரு நாளில் மீண்டும் பார்ப்பார்கள். சோப்பை அப்படியே குழைத்து வீட்டில் இவ்வாறு ஒட்டிப் பார்ப்பதில் பயனில்லை: நீர்த்தாத சோப்பு மூடிய தோலில் நெடுநேரம் இருந்தால், ஒவ்வாமை இல்லாதவருக்கும் சிவந்துவிடும்.