தாபரிப்பு: சொல்லும் சட்டமும்

கிழக்கிலங்கையில் மட்டக்களப்பு நீதவான் நீதிமன்றத்திலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு காலைப்பொழுது நின்றால் இந்தச் சொல் பலமுறை காதில் விழும். “தாபரிப்புக் கேஸ் இருக்கு”, “தாபரிப்புக் காசு இந்த மாசம் வரல்ல.” தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத கணவன் அல்லது மனைவிக்கும், பிள்ளைகளுக்கும், வசதி இருந்தும் கைவிட்டவர் மாதாமாதம் கொடுக்கவேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிடும் பணமே தாபரிப்பு.

சொல்லின் வேர் வடமொழியில் இருக்கிறது. ‘ஸ்தாவர’ என்றால் அசையாமல் நிற்பது. தமிழுக்கு வந்ததும் அது இரண்டாகக் கிளைத்தது. மரஞ்செடிகளுக்குத் தாவரம் என்றானது. பற்றுக்கோடு, தங்குமிடம் என்ற பொருளில் தாபரம் என்றானது. பழைய தமிழ் வேதாகமத்தின் 91ஆம் சங்கீதத்திலும் தாபரம் வருகிறது. அதிலிருந்து பிறந்த வினைதான் தாபரித்தல், அதாவது தாங்கி ஆதரித்தல். தமிழ்நாட்டுப் பேச்சில் இதைக் கேட்பது அரிது. நம் நாட்டு நீதிமன்றத் தமிழ் இதை விடாமல் வைத்திருக்கிறது. அது நல்லதுதான் என்பேன்.

ஏனென்றால் இதற்குப் பதிலாகப் பலர் சொல்லும் ‘ஜீவனாம்சம்’ ஒரு தவறான எண்ணத்தையும் கூடவே கொண்டுவருகிறது. ஜீவனம், அம்சம் இரண்டும் சேர்ந்தது அது. பிழைப்புக்கான பங்கு என்று பொருள். சொல்லில் குறையில்லை. ஆனால் தொலைக்காட்சி நாடகம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஜீவனாம்சம் என்றாலே விவாகரத்துதான் நினைவுக்கு வரும். “விவாகரத்து எடுக்காமல் காசு கேட்க ஏலாதாம்” என்று யாரோ சொன்னதை நம்பி, வருடக்கணக்காகப் பேசாமல் இருக்கும் தாய்மார் நம் ஊர்களில் இருக்கிறார்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்: தாபரிப்புக் கேட்க விவாகரத்துத் தேவையில்லை. விவாகரத்து வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நடப்பது. அதற்கு மணத்துக்குப் பின்னான பிறர்தொடர்பு, வன்மத்துடன் கைவிட்டுப் போதல், மணம் முடிக்கும்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு போன்ற காரணம் ஒன்றை நிரூபிக்கவேண்டும். தாபரிப்பு, நீதவான் நீதிமன்றத்தில் தனியாகப் போடும் விண்ணப்பம். பணம் பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்தே கணக்காகும் என்பதால் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைக்கு நட்டம்.

1889ஆம் ஆண்டின் பழைய கட்டளைச்சட்டத்தில் மனைவியும் பிள்ளைகளும்தான் கேட்கலாம். அதன் இடத்துக்கு வந்த 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம் வாசலை அகலத் திறந்தது. கணவனும் கேட்கலாம். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கேட்கலாம். தன்னைப் பார்த்துக்கொள்ள வழியில்லாத பிள்ளைக்கு 18 முதல் 25 வயது வரையும், மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வயது பாராமலும் கேட்கலாம். பதிவுத் திருமணம் நடக்காத உறவில் பிறந்த பிள்ளைக்கும் உரிமை உண்டு. யார் பெற்றவர் என்பதை மட்டும் நிறுவவேண்டும். சம்பளக்காரர் என்றால் சம்பளத்திலிருந்தே பிடித்துக் கொடுக்கச் சொல்லலாம். கட்டாமல் விட்டால் மறியலும் (சிறையும்) உண்டு.

ஒன்றைக் கவனியுங்கள். இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்கிறோம் என்றால் துணைக்குத் தாபரிப்புக் கிடையாது. சமாதானம் பேசும்போது இப்படி எழுதிய தாளில் வாசிக்காமல் கையெழுத்து வைக்கக்கூடாது. பிள்ளையின் உரிமையை அந்தத் தாள் தொடாது.

இங்கே கிழக்கில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார். வீடு மகளுக்குச் சீதனம். தமிழர், முஸ்லிம்கள் இரு பக்கமும் அப்படித்தான். அதனால் பிரிவு வந்தால் வீட்டைவிட்டுப் போகிறவர் பெரும்பாலும் ஆண். “வீடுவாசல் இருக்குத்தானே பிள்ள, இன்னும் என்ன?” என்று சொந்தக்காரரே கேட்டுவிடுவார்கள். கூரை இருந்தால் பால்மா வந்துவிடுமா? கொப்பியும் சப்பாத்தும் ரியூஷன் காசும் எங்கிருந்து வரும்? சட்டம் கேட்பது பெற்றவரின் வருமானத்தையும் பிள்ளையின் தேவையையும்தான்.

முஸ்லிம் தம்பதியருக்கு வழி வேறு. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி முஸ்லிம்களின் விவாக விடயங்களை விசாரிக்கும் காதி நீதிமன்றமே தாபரிப்பைத் தீர்மானிக்கும். பிள்ளைச் செலவோடு இத்தாக் காலச் செலவு (விவாகரத்துக்குப் பின் பெண் மறுமணம் செய்யாமல் காத்திருக்கும் காலம் இத்தா), பிரசவச் செலவு, மஹர் (மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கவேண்டிய மணக்கொடை) எல்லாம் அங்கே கேட்கலாம். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுத்த கைக்கூலியையும் திருப்பிக் கேட்கலாம். அந்தச் சட்டத்தின் ஆங்கில மூலமே கைக்கூலி என்ற நம் சொல்லை அப்படியே எடுத்துவைத்திருக்கிறது!

சரி, தாபரிப்புக்கு நல்ல தமிழ் என்ன? பராமரிப்பும் வடசொல் வழி வந்ததுதான். அதோடு கட்டடத்துக்கும் வாகனத்துக்கும் அதையே சொல்கிறோம். எனக்குப் பிடித்தது ‘பேணற்படி’. பேணுதல் பழந்தமிழ்ச் சொல். படி என்பது நெல் அளந்த படி. படியளத்தல் என்றால் பிழைக்க வழி கொடுத்தல். விவாகரத்துக்கு மணவிலக்கு என்பது ஏற்கெனவே நன்றாக வேரூன்றிவிட்டது (ரத்து அரபு வழி வந்த சொல்).

எழுத்திலும் மேடையிலும் பேணற்படி என்று பழக்குவோம். நீதிமன்றத்துக்குப் போகும்போது மட்டும் தாபரிப்பு என்றே கேளுங்கள். எழுதுவினைஞர் முதல் சட்டத்தரணி வரை அங்கே புழங்குவது அதுதான். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, அடையாள அட்டை, செலவுப் பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக்கொள்ளுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.