வாயில் வெள்ளைத் திட்டு: நுண்ணோக்கியில் தெரிவது என்ன?

நெடுநேரம் தண்ணீரில் ஊறிய விரல் நுனி வெளுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். வாய்க்குள் காணும் வெள்ளைத் திட்டின் நிறமும் ஏறக்குறைய அப்படித்தான் உண்டாகிறது. கன்னத்தின் உட்புறத்தில் இயல்பாகக் கெரட்டின் (நகத்திலும் தோலின் மேற்பரப்பிலும் உள்ள கடினப் புரதம்) படலம் இருப்பதில்லை. புகையிலையும் பாக்கும் நாள்தோறும் அடக்கி வைக்கப்படும் இடத்தில் அது உருவாகித் தடித்து, எச்சிலில் ஊறி, அடியிலுள்ள இரத்தக் குழாய்களின் செம்மையை மறைத்துவிடுகிறது. வெண்மை சொல்வது அந்தத் தடிப்பை மட்டுமே. 1877இல் ஹங்கேரியத் தோல் மருத்துவர் ஷ்விம்மர் சூட்டிய லூக்கோபிளேக்கியா என்னும் பெயரும் கண்ணுக்குத் தெரியும் வெள்ளைத் திட்டுக்கு வைத்த பெயர்தான்; அதை, வெட்டியெடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும் நோயியல் மருத்துவர்களான நாங்கள் திசு அறிக்கையில் முடிவாக எழுதுவதில்லை.

சாயமேற்றிய சிலைடில் கெரட்டின் இளஞ்சிவப்புப் பட்டையாக மேலே கிடக்கும். அதைக் கடந்து அடிவரிசைச் செல்களுக்குத்தான் என் கண் முதலில் போகும். உட்கருக்கள் பெருத்து, கருநீலமாக அடர்ந்து, ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல், அடியில் மட்டும் நடக்கவேண்டிய செல் பிரிதல் மேலடுக்குகளிலும் தென்பட்டு, கீழ்நோக்கிய மடிப்புகள் நீர்த்துளிபோல் உப்பியிருந்தால் அதை டிஸ்பிளாசியா (புற்றுநோயாக மாறக்கூடிய செல் மாற்றம்) என்கிறோம். இம்மாற்றம் மேற்படலத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கோடு நின்றால் லேசானது, நடுப்பங்குவரை ஏறினால் நடுத்தரமானது, அதையும் தாண்டினால் தீவிரமானது. மேற்படலத்துக்கு அடியில் எல்லையாக இருக்கும் அடித்தளச் சவ்வை உடைத்துச் செல்கள் உள்ளே இறங்கிவிட்டால் அது புற்றுநோய். படிப்பதற்கு எளிதான இந்தக் கோடுகள் சிலைடில் அவ்வளவு எளிதாகத் தெரிவதில்லை. ஒரே சிலைடுக்கு நானே வேறொரு நாளில் வேறு தரம் சொல்லத் தயங்கியதுண்டு.

எல்லா வெள்ளைத் திட்டிலும் டிஸ்பிளாசியா இருக்காது. பலவற்றில் வெறும் தடிப்பே இருக்கும். சிலவற்றில் பூஞ்சை இழைகள் கெரட்டினுக்குள் செங்குத்தாக நுழைந்திருக்கும்.

ஒருமுறை, நாற்பது ஆண்டுகளாக வெற்றிலையோடு புகையிலை போட்டுவந்த ஓர் அம்மாவின் கன்னத்திலிருந்து, மிகத் தடித்த வெண்பகுதியை மட்டும் வெட்டி அனுப்பியிருந்தார்கள். டிஸ்பிளாசியா இல்லை என்று எழுதினேன். அந்தத் துண்டைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் திட்டின் பின்விளிம்பில் லேசாகச் சிவந்த ஓரிடம் இருந்ததைத் தொலைபேசியில் கேட்டுத்தான் அறிந்தேன். அங்கிருந்து எடுத்த இரண்டாவது துண்டில் தீவிர டிஸ்பிளாசியா இருந்தது. அதனால்தான், ‘வெள்ளைத் திட்டு, இடது கன்னம்’ என்று மட்டும் எழுதிய சீட்டோடு ஃபார்மலின் குப்பி வந்தால், சிவப்பு எங்கேயாவது இருந்ததா என்று கேட்டபிறகே அறிக்கையில் கையெழுத்திடுகிறேன்.